சம்பந்தியின் பேனா

ஜெர்மனியின் பீலெஃபெல்ட் நகர வீட்டில் சரஸ்வதி பூசை விளக்கு எரிகிறது. படத்தின் முன்னால் வேல்ஸ் நாட்டுச் சம்பந்தி இதிரிஸ் தன் வெல்ஷ் மொழியில் எழுதிய கவிதைகளும் ஆராய்ச்சிகளும் இடுப்பளவு உயரத்துக்கு அடுக்கப்பட்டிருக்கின்றன. உச்சியில் அவருடைய பேனா. ஓர் எழுத்தும் விளங்காத மங்களேஸ்வரிதான் ஒவ்வொன்றாகத் துடைத்துச் சந்தனப் பொட்டு வைத்தவள்.

"அம்மா, மாமாவுக்கு ஒரு கவிதை திருத்த வேணுமாம்," என்கிறாள் மகள்.

"ஏலாது. பூசைக்கு வைச்சதை நாளைக்கு விசயதசமிக்குத்தான் எடுக்கலாம். இண்டைக்கு எழுத்துக்கு ஓய்வெண்டு சொல்லு."

கிழவர் நல்ல பிள்ளைபோல் தலையாட்டிவிட்டுச் சோபாவில் சாய்கிறார். மங்களேஸ்வரி தேத்தண்ணியோடு திரும்பும்போது அவர் கண்கள் மூடியிருக்கின்றன, உதடுகள் அசைகின்றன, பெருவிரல் மற்ற விரல்களைத் தொட்டுத் தொட்டு அசை எண்ணுகிறது. அவளுக்குச் சிரிப்பு வருகிறது. சந்தனக் கிண்ணத்தை எடுத்துவந்து அந்தப் பெருவிரலுக்கும் ஒரு பொட்டு வைக்கிறாள்.