மாமாவும் மூன்று ஜீப்புகளும்

“எங்கட மாமா லேசுப்பட்ட ஆள் இல்லை. அரசாங்க ஜீப் வாசலுக்கே வந்து ஏத்திக்கொண்டு போற ஆள்” என்று வாகன விற்பனையாளர் சேதுராமனிடம் விவேகானந்தன் பெருமையடித்தான்.

அவனுடைய மாமனார் நவரட்ணராஜா, மாவட்ட அரசாங்க அலுவலகமான கச்சேரியில் பெரிய கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்தார். அது ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது.

கண்டி டவுனில் இருந்த அந்த விற்பனை நிலையத்தின் முற்றத்தில் ஒரே கம்பெனியின் மூன்று ஜீப்புகள் நின்றன. வட்ட லைட் வைத்த பழையது, பெட்டி மாதிரி இரண்டாவது, மூலையெல்லாம் உருட்டி மினுக்கிய புதியது. மருமகனின் கண் புதியதை விட்டு அசையவில்லை.

விவேகானந்தனுக்கு ஹேவாஹெட்டையில் தேயிலைத் தொழிற்சாலை எஞ்சினியர் வேலை. மனைவி சத்தியபாமாவுக்கு ஏழாம் மாதம். அங்கிருந்து பேராதனை ஆஸ்பத்திரிக்கு வரும் மலைப்பாதையில் குண்டும் கிடங்கும் இல்லாத இடமே கிடையாது. போன வருடம் அந்தப் பாதையில்தான் முதல் பிள்ளை தங்காமல் போனது. இந்தமுறை குலுக்கமே கூடாது என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

“பாமா பின்னாலைதான் இருந்து வரப்போறா. பின் சீட்டைப் பற்றி மாமா சொல்லட்டும்” என்றான்.

“இவருக்கு என்ன தெரியும்? சைக்கிளும் ஓடத் தெரியாத மனுசன்” என்று மாமி பத்மாதேவி அவசரமாகக் குறுக்கே விழுந்தாள். “இஞ்சேருங்கோ, நீங்கள் வாயைத் திறவாதேங்கோ.”

புதிய ஜீப்பில் ஒரு சுற்றுப் போய்ப் பார்ப்பதென்று முடிவானது. சேதுராமன் ஓட்ட, விவேகானந்தன் முன்னாலும் மாமாவும் மாமியும் பின்னாலும் இருந்தார்கள். ஏறிய உடனே மாமா கண்ணை மூடிக்கொண்டார்.

“சார் தூங்கிட்டாரா?” என்று சேதுராமன் கண்ணாடியில் பார்த்துக் கேட்டார்.

“கண்ணை மூடினால்தான் வாகனத்தின்ரை குணம் தெரியும்” என்றார் நவரட்ணராஜா. சற்றுப் பொறுத்து, “இது மஹய்யாவ வளைவு. இனி இறக்கம். அதுக்குப் பிறகு கட்டுகஸ்தோட்டைப் பாலம்” என்றார்.

இறக்கம் வந்தது. பாலமும் வந்தது. பாலத்தடிச் சோதனைச் சாவடியில் நிறுத்தியபோது, கண்ணைத் திறக்காமலே அடையாள அட்டையை எடுத்து நீட்டினார். ஆமிக்காரன் அட்டையைப் பார்த்தான், ஆளைப் பார்த்தான், திருப்பிக் கொடுத்துவிட்டான்.

“அனுபவம் எண்டால் இதுதான்!” என்று விவேகானந்தன் பூரித்துப்போனான். மாமி யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

திரும்பி வந்து இறங்கியதும் மாமா தீர்ப்புச் சொன்னார்.

“பழசிலை பின்னுக்கு வாங்குப் பலகை நீட்டுக்குப் போட்டிருக்கும். ஒவ்வொரு கிடங்கும் நேரா முள்ளந்தண்டுக்கு வரும். புதுசு பாக்க வடிவு, முன்னுக்கு இருக்கிறவைக்குச் சொகுசு. ஆனா பின்சில்லுக்கு மேலை இருக்கிறவையைத் தூக்கித் தூக்கிப் போடும். ரெண்டாவதுதான் நிதானமான சாமான். பிள்ளைக்கு அதை எடுங்கோ, தம்பி.”

சேதுராமனின் முகம் தொங்கிப்போனது. “என்னங்க சார், நல்ல ரோட்டுல நாலு மைல் போயிட்டு இப்படிச் சொல்லலாமா?”

“தை மாசம் இதிலை நாலு மணித்தியாலம் போனனான்.”

“தை மாசமா? அப்ப இந்த மாடல் அரசாங்கத்துக்கு மட்டும்தானே சார் வந்துச்சு! வெளியில ஒருத்தருக்கும் குடுக்கலையே!”

பத்மாதேவி கணவரின் பெருவிரலை ஏறி மிதித்தாள். மருமகனோ கையைத் தட்டிச் சிரித்தான்.

“நான் சொன்னனான்தானே! பென்சன் அலுவலாக் கொழும்புக்குப் போறன் எண்டு மாமா சொன்னவர். அதுக்கும் புது ஜீப் அனுப்பியிருக்கினம்! கலியாணம் பேசேக்கை எங்கட அம்மா அவையின்ரை ஒழுங்கையிலை வீடு வீடா விசாரிச்சவ. கேட்ட வீடெல்லாம் ஜீப் வந்த கதைதான். அதைக் கேட்டுத்தான் அம்மா ஓம் எண்டவ.”

“எங்கட ஒழுங்கைச் சனம் பொய் சொல்லாது” என்றாள் பத்மாதேவி.

விவேகானந்தன் பேனாவை எடுத்தான். “ஆனா மாமா, பெரிய ஆக்களை ஏத்துற வாகனம் அப்பிடிக் குலுக்குமே? நீங்கள் வழியிலை நித்திரை தூங்கி விழுந்திருப்பியள். நான் புதுசையே எடுக்கிறன்.”

சேதுராமன் மின்னல் வேகத்தில் படிவத்தை நீட்டினார். இந்த மாதம் அவர் விற்கப்போகும் முதல் புது ஜீப் அது.

நவரட்ணராஜா மனைவியைப் பார்த்தார். அவள் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். மகளின் வாழ்க்கை என்று அந்தக் கண் கெஞ்சியது. வீட்டில் இடுப்புக்குத் தலையணை வைத்துப் படுத்திருக்கும் அந்த மகளை அவர் நினைத்துப் பார்த்தார். படிவத்தின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டு சொன்னார்.

“மூண்டு ஜீப்பிலையும் என்னை விசாரணைக்கெண்டு கண்ணைக் கட்டித்தான் ஏத்தினவை, தம்பி.”