குறட்டைக்கு ஒரு தாடை

"சொல்லுங்க டாக்டர், இவர் குறட்டையை அறுத்து எடுக்க முடியுமா, முடியாதா?"

மேஜைமேல் கையை ஊன்றிக்கொண்டு கேட்டாள் அவள். பக்கத்து நாற்காலியில் அவளுடைய கணவர், அச்சகத்தில் ஃபோர்மேன், சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கீழ்த்தாடை உள்வாங்கிய முகம். மேல்பல்லும் கீழ்ப்பல்லும் பேச்சுவார்த்தை நின்றுபோன பங்காளிகள் மாதிரி ஒன்றையொன்று தொடாமலே காலம் தள்ளின.

"குறட்டைக்காக இதைப் பண்ணுங்கன்னு நான் சொல்லமாட்டேம்மா. கடி சரியில்லை. தாடையை அறுத்து முன்னால கொண்டுவந்து வெச்சா நல்லா மென்னு சாப்பிடலாம். குறட்டையும் குறைஞ்சா அது கொசுறு."

அவள் காதில் கொசுறு மட்டும்தான் விழுந்தது.

அவள் கஷ்டம் அவளுக்கு. கல்யாணமான நாளிலிருந்து இதே கதைதான். நன்றாகத் தூங்கிக்கொண்டிருக்கும்போது மரம் அறுக்கிற மாதிரி ஒரு சத்தம் தூக்கிவாரிப் போடும். எழுந்து உட்கார்ந்தால் கப்சிப். அவரோ வாயைப் பிளந்துகொண்டு ஆனந்தமாகப் படுத்திருப்பார்.

"எவ்வளவு அழுத்தம் பாருக்கா! நான் முழிச்சா நிறுத்திடுறார். கண்ணசந்தா மறுபடி ஆரம்பிச்சுடுறார்," என்று அக்காவிடம் போனில் புலம்புவாள்.

அவருக்கு மறுத்துப் பேச வழியில்லை. பகலெல்லாம் அச்சு இயந்திரங்களின் கூச்சலில் நின்று பழகிய மனுஷன். படுத்துவிட்டால் பக்கத்தில் இடி விழுந்தாலும் தெரியாது. "தூங்குறவனுக்கு எப்படிம்மா தெரியும்?" என்பார். "அதைத்தானே நானும் சொல்றேன்!" என்று அவள் வாயை அடைத்துவிடுவாள்.

கடைசியில் ஒருநாள், அக்கா வீட்டோடு போய்விடுகிறேன் என்று பெட்டியை எடுத்துக் கட்டிலில் வைத்தாள். மனுஷன் ஆடிப்போனார். அவள் இல்லாத வீட்டில் சாக்ஸுக்கு ஜோடி தேடக்கூட அவருக்குத் தெரியாது. அதைவிட, அவள் திட்டுகிற சத்தம் கேட்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

"தாடை போனாப் போகுது. நீ இரு," என்று சொல்லிவிட்டார்.

சும்மா போய்ப் படுத்தால் அறுத்துவிட மாட்டார்களாம். முதலில் பல்லெல்லாம் வரிசைக்கு வரவேண்டும். ஒரு வருஷத்துக்கு மேல் பல்லில் கம்பி. தலையில் நரை, வாயில் கம்பி. அச்சகத்தில் அவர் பேரே 'ஸ்கூல் பையன்' என்றாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் சேருவதற்கு முந்தின நாள், கூட வேலை செய்பவர்கள் வறுத்த வேர்க்கடலையும் ஆப்பிளும் வாங்கிவந்து முன்னால் குவித்தார்கள்.

"நல்லா கடிச்சுக்கோ ஸ்கூல் பையா! இனிமே உனக்கு எல்லாமே ஜூஸுதான்!"

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இரண்டு நாள் தனியாக வைத்திருந்துவிட்டு வார்டுக்கு மாற்றினார்கள். துணைக்கு அவளையும் இருக்கச் சொல்லி ஒரு மடக்குக் கட்டில் போட்டுக் கொடுத்தார்கள்.

முகம் பூசணிக்காயாக வீங்கியிருந்தது. மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் ரப்பர் மாட்டிச் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். படுக்கக் கூடாது என்று தலையணைகளை அடுக்கிச் சாய்த்து உட்கார வைத்திருந்தார்கள். ஊசியில்லாத சிரிஞ்சில் ஜூஸை உறிஞ்சி அவள் வாயோரத்தில் விட்டாள். உதடு மரத்துப் போயிருந்ததால் பாதி உள்ளே போனது, பாதி சட்டையில் வழிந்தது.

"குடிங்க ராஜா, குடிங்க. இன்னையிலேர்ந்து நம்ம ரெண்டு பேருக்கும் நிம்மதியான தூக்கம்," என்று துடைத்துவிட்டாள்.

மறுநாள் காலை நர்ஸ் தோளைப் பிடித்து உலுக்கியபோதுதான் கண்விழித்தாள். "எழுந்திருங்கம்மா, டாக்டர் வர்ற நேரம்!" நர்ஸின் குரலில் சிடுசிடுப்பு.

சுற்றிலும் பார்த்தாள். வார்டில் ஒரு முகமும் தூங்கி எழுந்த முகமாக இல்லை. எதிர்க் கட்டில்காரர் தலையணையால் தலையைப் பொத்திக்கொண்டு கிடந்தார். கன்ன எலும்பு உடைந்து பக்கத்துக் கட்டிலில் இருந்த டாக்ஸி டிரைவர் இரண்டு காதிலும் பஞ்சு அடைத்திருந்தார்.

"அடப் பாவமே, அறுத்தும் போகலையா!" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். இவ்வளவு வலியும் வீண். தன்னை அக்கா வீட்டுக்கு அனுப்பக் கூடாது என்றுதானே மனுஷன் தாடையைக் கொடுத்தார்! நினைத்ததும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இனிமேல் எந்த முகத்தோடு பெட்டியைத் தூக்குவது?

அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் இரண்டும் கோவைப்பழமாகச் சிவந்திருந்தன. மெதுவாக இரண்டு கையையும் தூக்கி அவளுக்குப் பெரிய கும்பிடாகப் போட்டார்.

"மன்னிப்பெல்லாம் எதுக்குங்க? நீங்க என்ன வேணும்னா பண்றீங்க?" என்று மூக்கை உறிஞ்சினாள்.

டாக்டர் உள்ளே நுழைந்தாரோ இல்லையோ, பாய்ந்தாள்.

"என்ன டாக்டர் இது? தாடையை அறுத்துத் தெச்சும் குறட்டை அப்படியே இருக்கே! இந்த வார்டே சாட்சி. நம்பிக்கை இல்லேன்னா இதோ, இவரையே கேளுங்க!"

டாக்டர் டாக்ஸி டிரைவர் பக்கம் திரும்பினார். அவர் ஒரு காதுப் பஞ்சை மட்டும் பிடுங்கிக்கொண்டு, கொட்டாவி விட்டபடி சொன்னார்:

"அண்ணன் பாவம் டாக்டர், விடிய விடிய கொட்டக் கொட்ட முழிச்சுக்கிட்டுத்தான் உக்காந்திருந்தாரு... அக்காவுக்கு எப்ப ஆபரேஷன்?"