ஆட்டின் ஏழு

காட்டில் மூன்று நாளாக நடந்த சீட்டுப் போட்டியில் கடைசியாக மிஞ்சியது கீரியும் முயலும்தான். சீட்டைக் கலைத்துப் போட்டது ஆமை. உட்கார்ந்து உட்கார்ந்து அதற்கு ஓடே வலித்தது.

கீரி பதினோரு வருஷமாக ஆடுகிறது. ஒரு கோப்பைகூட வாங்கியதில்லை. இந்தத் தடவை கையில் இரண்டு ராஜா வந்திருந்தது. தன்னிடம் இருந்த பந்தய வில்லைகள் மொத்தத்தையும் நடுவில் தள்ளியது. முயலும் யோசிக்காமல் தள்ளியது. இன்னும் ஒரே ஒரு சீட்டுதான் பாக்கி. அது ஆட்டின் ஏழாக, அதாவது சிவப்பு இதயம் போட்ட ஏழாக, இருந்தால் மட்டுமே முயல் பிழைக்கும்.

ஆமை திருப்பியது. ஆட்டின் ஏழு.

கூட்டம் முயலைத் தூக்கிக்கொண்டது. "அந்த ஏழு வரும்னு எனக்குத் தெரியும்" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டே போனது முயல்.

கீரி எழுந்திருக்கவில்லை.

"கேட்டீங்களா அண்ணே? குருட்டு அதிர்ஷ்டம். அதைப் போய்த் தெரியும்ங்குது. நான் எங்கயாவது தப்பா ஆடினேனா, சொல்லுங்க."

"இல்ல தம்பி, சரியாத்தான் ஆடினே" என்றது ஆமை, சிதறிக் கிடந்த சீட்டுகளைப் பொறுக்கியபடி. "காலையில பன்றியோட ஆடினப்போ, கிளாவர் ஒன்பது வந்தாத்தான் நீ தப்பிப்பேன்னு இருந்துச்சு. வேற எது வந்தாலும் வீட்டுக்குப் போயிருப்பே. அந்த ஒன்பதையும் நான்தான் திருப்பினேன்."



"அது வேற அண்ணே" என்றது கீரி. "அந்த ஒன்பது வரும்னு எனக்குத் தெரியும்."

ஆமை சீட்டுக்கட்டை மூடி வைத்துவிட்டுத் தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது.