நான்காவது கணக்கு

மூன்று பேருக்குக் கணக்கு திறந்தாயிற்று.

நிர்வாகியாக அவர். அடுத்து மகன். அடுத்து மகள்.

மேசை மேல் கணினிக்கான புதிய சேமிப்புப் பெட்டி மெல்ல உறுமிக்கொண்டிருந்தது. இரண்டு செங்கல் அளவுதான். குடும்பத்துப் புகைப்படங்கள், வீட்டுப் பத்திரம், கல்யாண வீடியோக்கள், எல்லாம் இனி அதற்குள். துபாயில் இருக்கும் மகனும் புனேயில் இருக்கும் மகளும் இருந்த இடத்திலிருந்தே திறந்து பார்க்கலாம்.

ஆளுக்கொரு பாஸ்வேர்டு. அவற்றையும் அவரே வைத்தார். பிள்ளைகளிடம் விட்டால் பிறந்தநாளை வைப்பார்கள்.

"எனக்கும் ஒண்ணு போட்டுத் தாங்க."

மனைவி செண்பகவல்லி பின்னால் நின்றிருந்தாள். கையில் பாதி ஆய்ந்த கொத்தவரங்காய்.

"என்னோடதுலயே பாத்துக்கிடலாமே. நமக்குள்ள என்ன தனி?"

"தனியாத்தான் வேணும். நான் கொஞ்சம் எழுதுதேன். அதை அதுல வைக்கணும்."

அவர் நாற்காலியோடு திரும்பினார்.

"என்ன எழுதுதே?"

"சும்மா. கதை மாதிரி."

"கொண்டா. பாத்துத் தாரேன்."

"அதுக்குத்தானே தனியாக் கேக்கேன். நீங்க பாத்தா நான் எழுதினதைவிட செவப்பு மைதான் கூட இருக்கும்."

அவர் பதில் சொல்லவில்லை.

அவர் பார்வைக்கு வராமல் இந்த வீட்டிலிருந்து ஓர் எழுத்து வெளியே போனதில்லை. மகள் கல்யாண அழைப்பிதழுக்கு நான்கு முறை புரூஃப் பார்த்தார். தகப்பனாரின் இரங்கல் அறிவிப்பைக்கூட, உடல் கூடத்தில் கிடக்கும்போதே இரண்டு தடவை வாசித்துத்தான் பாளையங்கோட்டை அச்சகத்துக்குக் கொடுத்தனுப்பினார்.

குடும்பத்தின் பெயர். நாலு பேர் படிப்பார்கள்.

இப்போது கதையாம். அதில் யார் யார் வருகிறார்களோ.

அவர் வாயை மூடிக்கொண்டால் வேண்டாம் என்று அர்த்தம். முப்பத்தெட்டு வருடமாக அது அவளுக்குத் தெரியும். பேசாமல் போய்விடுவாள்.

இன்று போகவில்லை.

கொத்தவரங்காய் ஒடிக்கிற சத்தமும் நின்றிருந்தது.

அவர் திரைக்குத் திரும்பினார். பெயர் என்ற கட்டத்தில் செண்பகவல்லி என்று அடித்தார். அடுத்த கட்டம், பாஸ்வேர்டு. விரல்கள் பழக்கத்தில் தாமாகவே நகர்ந்தன.

நிறுத்தினார்.

எழுந்தார்.

"உக்காரு. நீயே போடு."

சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். கொடியேற்றத்துக்கு நிற்பதுபோல முதுகு நேராக.

பின்னால் ஓர் எழுத்து தட்டும் சத்தம். நெடுநேரம் ஒன்றுமில்லை. இன்னொரு எழுத்து. அவர் எண்ணக் கூடாது என்று நினைத்தார். பன்னிரண்டு.

பிறகு அவள் தனக்குள் சிரித்துக்கொண்டது கேட்டது.

"போட்டாச்சு. திரும்பலாம்."

அவள் அடுக்களைக்குப் போன பிறகும் ஒரு வேலை பாக்கி இருந்தது. அவளுடைய ஃபோல்டருக்கு நேரே நிர்வாகிக்கென்று இரண்டு டிக். பார்க்கலாம். திருத்தலாம். நிர்வாகிக்கு எல்லா ஃபோல்டரும் திறக்கும் என்ற அந்த ஏற்பாடு காலையில்தான் அவருக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

திருத்தலாம் என்பதிலிருந்த டிக்கை எடுத்தார்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

பார்க்கலாம் என்பதையும் எடுத்தார்.

இனி உங்களால் இதைத் திறக்க முடியாது, தொடரலாமா என்று பெட்டி கேட்டது.

ஆம்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் புனேயிலிருந்து மகளின் போன். சிரிப்பில் அவளுக்குப் பேச்சே வரவில்லை.

"அப்பா, அம்மா எழுதினதைப் படிச்சீங்களா? எனக்கு நேத்து திறந்துவிட்டா."

"எனக்கு அங்க அனுமதி இல்லம்மா."

தன் பட்டத்தைச் சொல்வதுபோல் சொன்னார். அடுக்களை வரைக்கும் கேட்கட்டும் என்று இன்னொரு தடவையும் சொன்னார்.

"ஐயோ அப்பா. மூணாவது பக்கத்துல நீங்க வாறீங்க."

மறுபடி சிரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

எப்படி வருகிறேன் என்று அவர் கேட்கவில்லை.

எழுந்து, நாலு பேர் முன்னால் நிற்கப் போகிறவர்போல் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.