வெள்ளைக்கு மேல் பச்சை

மூலக்குளத்தில் கார் மோதி இறந்துபோன பலராமனின் சட்டையில் நகத்துணுக்கு அளவு பெயிண்ட் ஒட்டியிருந்தது. தடயவியல் ஆய்வகத்தில் சிவசங்கரி அதை நுண்ணோக்கியில் பார்த்துவிட்டு, அகச்சிவப்புக் கருவியில் வைத்து ஒவ்வொரு அடுக்குக்கும் வரைகோடு எடுத்தாள். அடியில் வெள்ளை, அதன் மேல் பச்சை. போலீஸ் பிடித்து வைத்திருந்த காரோ கம்பெனி பெயிண்டிலேயே வெள்ளையாக இருந்தது. எங்கும் பச்சை இல்லை. பொருந்தவில்லை என்று அறிக்கை கொடுத்தாள். காரை விட்டுவிட்டார்கள்.

பலராமனின் மனைவி அமிர்தவல்லி ஆய்வகத்துக்கே வந்தாள். "அந்த வண்டிதாம்மா. நம்பர என் கண்ணால பாத்தேன்."

"பெயிண்ட் ஒத்துவரலியேம்மா. நான் என்ன பண்ணட்டும்?" என்றாள் சிவசங்கரி.

அடுத்த வருடம் கதிர்காமத்தில் சரிதா என்ற நர்சிங் மாணவியை மோதிக் கொன்ற கார் ஆய்வுக்கு வந்தது. போன வருடம் விட்டுவிட்ட காரின் அதே எண், ஆனால் இப்போது பச்சை. போன மாதம்தான் முதல்முறையாகப் பச்சை அடித்ததாக உரிமையாளர் சொன்னார். பட்டறைக்காரரும் அதையே சொன்னார். அந்தப் பச்சையின் வரைகோட்டைப் பலராமனின் சட்டையில் கிடைத்ததன் மேல் வைத்தாள். ஒரு மேடு பள்ளம்கூட விலகவில்லை. கருவியைச் சரிபார்த்து மறுபடியும் வைத்தாள். அப்போதும் அப்படியே இருந்தது.

மறுநாள் அமிர்தவல்லியின் வீட்டைத் தேடிப் போனாள். "நீங்க சொன்ன வண்டிதாம்மா," என்றாள். அவர் இறந்தபோது அந்தப் பச்சை அடிக்கப்படவே இல்லை என்பதை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

அமிர்தவல்லி அழவில்லை. "அன்னிக்கே புடிச்சி வெச்சிருந்தா அந்தப் பொண்ணு இருந்திருக்கும் இல்ல?" என்று மட்டும் கேட்டாள்.

சிவசங்கரி ஆமாம் என்றாள். பிடித்து வைத்திருந்தால் அந்தக் காருக்குப் பச்சையே அடித்திருக்க மாட்டார்கள், பலராமனின் சட்டையிலும் அது ஒட்டியிருக்காது என்பது பஸ்ஸில் திரும்பும்போதுதான் அவளுக்கு உறைத்தது.