நாங்க மூணு பேரு

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. காலை நீட்டிக்கொள்ளுங்கள். சின்னக் கதைதான். கையில் இருக்கிற டீ ஆறுவதற்குள் சொல்லி முடித்துவிடுவேன்.

காய்ந்த துணிகளைச் சாப்பாட்டு மேஜைமேல் குவித்துப்போட்டு மடித்துக்கொண்டிருந்தாள் பல்லக்கா.

பல்செட் செய்யும் பட்டறையில் மெழுகில் பல் பதிக்கிற வேலை அவளுக்கு. அதனால் வந்த பேர் அது. அவளுடைய பல் வரிசையைப் பார்த்து யாரும் வைத்ததில்லை.

போன மழைக்காலத்தில்தான் லிஃப்ட் மெக்கானிக்கைக் கட்டிக்கொண்டு இந்த வீட்டுக்கு வந்தாள். அவருக்கு இரண்டாம் கல்யாணம், இவளுக்கு முதல். அவருக்குக் கல்லூரியில் படிக்கும் ஒரு மகள்.

தங்கமான பெண். ஒரு குறை சொல்ல முடியாது. அதுதான் குறை.

"சித்தி, நீங்க உட்காருங்க", "சித்தி, ஃபேன் போடட்டுங்களா" என்று, வந்த விருந்தாளியைத் தாங்குவதுபோலத் தாங்கினாள். ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. ஒரு நாளும் வம்புக்கு இழுத்ததுமில்லை.

அன்று காலை மெக்கானிக் கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டே மகளிடம் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார்.

"லீவு கிடைச்சிருச்சு பாப்பா. ஏரியெல்லாம் உறைஞ்சு கிடக்குமே, அந்த நாட்டுக்கே போயிடலாம். விசாரிச்சு வை."

அந்த வீட்டில் யாரும் அதுவரை நாட்டைத் தாண்டியதில்லை.

போயிடலாம். சரி, யார் யார்? அதை அவர் சொல்லவில்லை. ஆளையே சொல்லாமல் ஒரு பேச்சை முடித்துவிட்டுப் படியிறங்கிப் போக நம் மொழியில் முடிகிறதே, என்ன செய்ய!

வாய்விட்டுக் கேட்டிருக்கலாம். ஆனால் கேட்டு வாங்கிய இடம் உட்காரும்போது உறுத்தும். உறைந்த ஏரி அவளுக்குப் பெரிதில்லை. அந்தக் கணக்கில் தானும் ஒரு ஆள்தானா என்று தெரிந்தால் போதும்.

தலைக்குக் குளித்து, ஈர முடியை விரித்துப் போட்டபடி மகள் வந்து எதிரே உட்கார்ந்தாள். பல்லக்காவை நேராகப் பார்த்துச் சொன்னாள்.

"நாங்க போற நேரத்துல பனி இருக்கும்ல?"

நாங்க.

'நாம' என்றிருந்தால் கேட்கிறவளும் உள்ளே. 'நாங்க' என்றால் கேட்கிறவள் கதவுக்கு வெளியே.

பல்லக்கா மடித்து வைத்த சட்டையைப் பிரித்து மறுபடியும் மடித்தாள். "இருக்கும்மா. ரெண்டு பேரும் நல்ல ஸ்வெட்டரா எடுத்துக்கோங்க."

"நாங்க இதுக்கு முன்னாடி எங்கயும் போனதில்ல."

"அதனாலென்ன, சந்தோஷமாப் போயிட்டு வாங்க. வீட்டை நான் பாத்துக்கறேன்."

சிரித்தாள். பல்லெல்லாம் தெரியத்தான் சிரித்தாள். முகத்தின் மற்ற பாகம் அந்தச் சிரிப்போடு சேர்ந்து வரவில்லை.

மகள் ஒரு கையைத் தூக்கி, கொஞ்சம் பொறுங்கள் என்பதுபோலக் காட்டினாள். "ஆமா, நாங்க மூணு பேரு."

மூணா?

அப்பா ஒன்று, மகள் இரண்டு. மூன்றாவது மெக்கானிக்கின் அக்காவாகத்தான் இருக்கும். பக்கத்துத் தெருவுக்கு யாராவது கிளம்பினாலே முதல் ஆளாகச் செருப்பை மாட்டிக்கொள்கிற அம்மாள் அவர்.

வயிறு எரியத்தான் செய்தது. ஆனாலும் பல்லக்கா நல்லவள். "அத்தைக்குக் குளிரு ஒத்துக்காதேம்மா," என்றாள். "மூட்டு வலி வேற."

மகள் திருதிருவென்று விழித்தாள்.

"அத்தையா? இதுல அத்தை எங்கேருந்து வந்தாங்க? சார், ஒரு நிமிஷம் லைன்ல இருங்க."

சாரா? பல்லக்கா திரும்பிப் பார்த்தாள். பின்னால் சுவர்தான் இருந்தது.

மகள் ஈர முடியை ஒதுக்கிக் காட்டினாள். காதுக்குள் வெள்ளையாக, கடைவாய்ப்பல் அளவில் ஏதோ ஒன்று. பல் காதில் எப்படி முளைத்தது என்றுதான் பல்லக்காவுக்கு முதலில் தோன்றியது. அப்புறம்தான் புரிந்தது, போன்.

இவ்வளவு நேரமும் அந்தப் பெண் பேசியது டிராவல்ஸ்காரரோடு. அவரிடம் 'நாம' என்றா சொல்ல முடியும்? கதவுக்கு வெளியே நின்றது அந்த மனிதர்.

பல்லக்கா விரலை மடக்காமலேயே மறுபடி கூட்டிப் பார்த்தாள். மூன்று சரியாக வந்தது.

"மூணு சீட்டும் ஒரே வரிசையாம் சித்தி. ஜன்னல் ஒண்ணுதானாம். யாருக்குன்னு கேக்கறாரு."

வந்த நாளிலிருந்து கடைசி ஆரஞ்சுப்பழத்தையும், காற்று வரும் நாற்காலியையும், டிவி ரிமோட்டையும் விட்டுக்கொடுத்தே பழகியவள் பல்லக்கா.

"எனக்கு," என்றாள்.

மகள் வாயைப் பிளந்தாள். பிறகு மேஜையில் ஓங்கி ஒரு தட்டு தட்டினாள்.

"போ சித்தி! பஸ்ல ஏறினாலே குறட்டை விடுற ஆளு நீ. உனக்கெதுக்கு ஜன்னலு?"

"நான் குறட்டையா? உங்கப்பாவச் சொல்லு!"

"ரெண்டு பேருந்தான். டூயட்டு!"

மடித்த துணிகள் சரிந்து கீழே விழுந்தன. யாரும் குனியவில்லை. 'அப்புறம் கூப்பிடட்டுமா மேடம்' என்று காதுக்குள் இருந்தவர் எத்தனை தடவை கேட்டாரோ, அது யார் காதில் விழுந்தது!

நன்றாக இருங்கள், கண்ணுகளா. உங்கள் வீட்டில் எத்தனை ஜன்னல் இருந்தாலும், அத்தனைக்கும் சண்டை போட ஆள் இருக்கட்டும்.