சித்தப்பா கல்யாணம்

1940. அமெரிக்கா இன்னும் போரில் இறங்கவில்லை. பிரிட்டனுக்காகச் சண்டை போடக் கிளம்பிய விமானிகளை எல்லையிலேயே மடக்கிக்கொண்டிருந்தது. டெட்ராய்ட்டில், கனடா போகும் ரயிலில், எல்லை அதிகாரி பிரானிகன் லெஸ்டர் என்ற இளைஞனின் பெட்டியைத் திறந்தார்.

"கனடாவுல என்ன வேலை?"

"சித்தப்பாவுக்குக் கல்யாணம் சார்."

"அதுக்கு எதுக்குப்பா விமானிக் கண்ணாடி?"

"அவர் கார்ல கூரை கிடையாது சார். தூசி அடிக்கும்."

"இந்த வாரம் இது நாலாவது சித்தப்பா. மாட்டினா குடியுரிமையே போயிடும், தெரியுமில்ல?"

பிரானிகன் தன் கோட்டுப் பையிலிருந்து ஒரு ஜோடி கம்பளிக் காலுறையை எடுத்துப் பெட்டிக்குள் வைத்து மூடினார்.

"நீ போய்ச் சேர்ற இடத்துல வால்ட்டர் பிரானிகனைப் பார்த்தா கொடு. என் பையன். கூட்டாளி கல்யாணம்னு சொல்லிட்டு இதே ரயில்லதான் போனான். கடுதாசி லண்டன்லேர்ந்து வருது. நான் நம்பின ஒரே கல்யாணம் அதுதான்."